தோட்டக் குப்பைத் தொட்டியில் பாலித்தீனுக்கு என்ன வேலை?

கேள்வி: இலை, புல், காய்கறித் தோல் எல்லாமே மக்கும் குப்பைதானே? தோட்டக் கழிவை மட்டும் தனித் தொட்டியில் கேட்பது ஏன்?

பதில்: எல்லாம் மக்கும், மக்கும் இடம்தான் வேறு. தனியாகச் சேகரிக்கும் சமையலறைக் கழிவு பல ஊர்களில் காற்றுப் புகாத கலனுக்குப் போய் எரிவாயுவாகிறது. மிச்ச உணவும் தோலும் அங்கே சுலபமாகக் கரையும், குச்சி கரையாது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களால் உடைக்க முடிவதில்லை. குச்சி அப்படியே மிதந்து குழாயை அடைக்கும். தோட்டக் கழிவுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. திறந்தவெளியில் குவித்துப் புரட்டினால் போதும், செலவும் குறைவு. அதில் இறைச்சியோ மீன் தலையோ கலந்துவிட்டால் எலி, ஈ, நோய்க்கிருமி என்று தொல்லை தொடங்கும். பிறகு அந்த லோடைத் திறந்தவெளியில் வைக்க முடியாது.

இரண்டையும் பிரிக்காமல் குப்பைமேட்டில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

கேள்வி: சருகைக் கூட்டி, சுத்தமாகப் பாலித்தீன் பையில் கட்டித்தான் தொட்டியில் போட்டேன். எடுக்காமலே போய்விட்டார்கள். பையைப் பிரித்துக் கொட்ட எவ்வளவு நேரமாகும்?

பதில்: ஒரு பைக்கு அரை நிமிடம்தான். ஒரு லாரி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிரிக்காமல் விட்டால் பை உரக் கிடங்கின் அரவை இயந்திரத்துக்குள் போய் நகக்கண் அளவு துணுக்குகளாகும். பையாக இருக்கும்போது ஒருவர் கையால் எடுத்துவிடலாம். துணுக்கான பின் சல்லடையில் பாதி உரத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். கயிறு, கம்பி, தண்ணீர்க் குழாய் இன்னும் மோசம். அரவைத் தண்டில் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

‘மக்கும் பை’ என்று அச்சிட்டதையும் பல கிடங்குகள் மறுக்கின்றன. பெரும்பாலான பைகள் நீடித்த சூட்டில்தான் மக்கும். இலை மக்கும் வேகத்துக்கு அவை ஈடுகொடுப்பதில்லை. தவிர, தூரத்திலிருந்து பார்க்கும் பணியாளருக்கு அது எந்தப் பை என்று எப்படித் தெரியும்? வெறுமனே கொட்டுங்கள், அல்லது காகிதப் பையில் போடுங்கள்.

கேள்வி: தொட்டி முக்கால்தான் நிரம்பியிருந்தது. ‘கனம் அதிகம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பதில்: மண் இருந்திருக்கும். சக்கரம் வைத்த 240 லிட்டர் தொட்டி சுமார் 100 கிலோ வரைதான் தாங்கும். ஒரு லிட்டர் மண் ஏறத்தாழ 1.3 கிலோ, அதே தொட்டியில் மண்ணை நிரப்பினால் 300 கிலோவைத் தாண்டும். செடியைப் பிடுங்கினால் வேரைத் தட்டி, மண்ணைத் தோட்டத்திலேயே விடுங்கள். மழையில் நனைந்த புல்லும் கனக்கும், ஆகவே மூடியைத் திறந்து வைக்காதீர்கள்.

கேள்வி: அள்ளிக்கொண்டு போனபின் உண்மையிலேயே உரமாக்குகிறார்களா? எப்படி?

பதில்: ஒழுங்காக நடக்கும் கிடங்கில் லாரி முதலில் எடை மேடையில் ஏறும். பிறகு லோடைத் தரையில் பரப்பி, கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக், கல், பூந்தொட்டித் துண்டுகளைப் பொறுக்குவார்கள். அடுத்தது அரவை. மாவாக அரைக்கக் கூடாது. விரல் நீளத் துண்டுகள் இருந்தால்தான் நடுவே காற்றுப் போகும்.

கலவையில்தான் அனுபவம் தெரியும். வெட்டிய புல்லில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 15 முதல் 20 பங்கு கரிமம் (கார்பன்), காய்ந்த இலையில் 40 முதல் 80, மரச்சீவலில் பல நூறு. நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்ய 25 முதல் 30 வேண்டும். புல் மட்டுமே குவிந்தால் அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும். மரம் மட்டுமே குவிந்தால் மாதக்கணக்கில் சூடே ஏறாது. ஈரம் 50 முதல் 60 சதவீதம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் காற்று இல்லை என்று பொருள், உடனே புரட்டுவார்கள்.

இப்படிக் கலந்ததை ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் உயரத்தில் நீண்ட வரிசையாகக் குவிப்பார்கள். சில நாளில் உள்ளே 55 டிகிரி தாண்டும். களை விதையும் நோய்க்கிருமியும் சாக இந்தச் சூடு நீடிக்க வேண்டும். திறந்த வரிசைக்குப் பரவலாக வைக்கும் அளவு 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். புரட்டல் எதற்கு? வெளிப்புறம் சூடேறுவதே இல்லை, அதை உள்ளே தள்ளத்தான். 70 டிகிரியை நெருங்கினால் உரமாக்கும் நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும். அப்போதும் புரட்டி, தண்ணீர் தெளிப்பார்கள். மொத்தத்தில் மூன்று, நான்கு மாதம், அதற்கு மேல் சில வாரம் ஆறவிடுதல். கடைசியில் சலித்து, மேலே தங்கும் குச்சிகளை அடுத்த குவியலில் சேர்ப்பார்கள். நுண்ணுயிர்கள் அதில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் புதிய குவியல் சீக்கிரம் சூடேறும்.

கேள்வி: கோரைக்கிழங்கைத் தொட்டியில் போடலாமா? நோய் வந்த செடியை?

பதில்: சூடு சரியாக ஏறும் கிடங்கில் கிழங்கும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் செத்துவிடும். வீட்டு மூலையில் வைக்கும் சிறு குவியலில் சாகாது, அங்கே போடாதீர்கள். உங்கள் பகுதியில் தடை செய்த ஆக்கிரமிப்புச் செடி என்றால் மட்டும் முதலில் உள்ளாட்சியைக் கேளுங்கள்.

கேள்வி: உள்ளாட்சிக் கிடங்கில் வாங்கிய உரம் போட்டபின் தக்காளிக் கொழுந்து சுருண்டு, இலை நூல்போல ஒடுங்கிவிட்டது. வைரஸ் நோயா?

பதில்: வைரஸாகவும் இருக்கலாம். ஆனால் அந்த உரம் போட்ட பாத்தியில் மட்டும், அவரைக் குடும்பச் செடிகளுக்கும் இப்படியே என்றால் களைக்கொல்லியைச் சந்தேகியுங்கள். குளோபைராலிட், அமினோபைராலிட் இரண்டும் புல்லைக் கொல்லாமல் அகன்ற இலைக் களையை மட்டும் கொல்பவை. மருந்தடித்த புல்லை வெட்டித் தொட்டியில் போட்டால், உரமாக்கும் சூட்டிலும் முழுதாகச் சிதையாமல் தங்கும். மிகச் சொற்ப அளவே தக்காளியையும் பீன்ஸையும் கெடுக்கும்.

அடுத்த மூட்டையைப் பிரித்ததும் சோதியுங்கள். மூன்று சிறு தொட்டிகளில் உரமும் மண்ணும் சரிபாதி, இன்னும் மூன்றில் அதே மண் மட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதை. மூன்றிலைக் கொத்து இரண்டு, மூன்று வரும்வரை காத்திருங்கள். உரத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம்போல் குவிந்தால் மூட்டையைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகாமல் கிடங்கில் புகார் கொடுங்கள். உரத் தொட்டிச் செடிகள் சும்மா குட்டையாக, இலை நுனி கருகி நின்றால் அது உப்பு மிகுதி அல்லது ஆறாத உரம். ஒரு மாதம் ஆறவிட்டு, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து போடலாம்.