சாமி வரும் வரை பாடுவது

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் கேட்ட அதே வில்லுப்பாட்டுக் குழுவைப் போன மாதம் சென்னையில் ஓர் ஏசி அரங்கத்தில் கேட்டேன். வில்லடித்துப் பாடும் அதே புலவர், அதே கதை. ஆனால் சப்பென்று இருந்தது. கலையின் உயிர் ஊர் மண்ணில்தான் இருக்கிறதா? வெளியே கொண்டுபோனால் செத்துவிடுமா?

கு., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

ஊர் மண் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் ஊரிலேயே செத்துக் கிடக்கும் கொடைகளையும் பார்த்திருக்கிறேன். ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டு அலறும். வில்லுக்கு முன்னால் நாலு ஆச்சிமார் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார்கள்.

சென்னையில் முக்கால் மணி நேரம் கொடுத்திருப்பார்கள். காப்பு, குருவடி, அவையடக்கம் என்ற தொடக்கப் பாட்டுகள் முடிந்ததும் கதையைச் சுருக்கி, வாழி பாடி இறங்கியிருப்பார். சுருக்கியதில் குற்றமில்லை. கொடையிலும் சுருக்குவார்கள், நீட்டுவார்கள். எதைப் பார்த்துச் செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அடுத்த நடுச்சாமக் கொடையில் புலவரின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். சாமி இறங்கி ஆட வேண்டிய சாமியாடி பீடத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி நிற்பார். சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டு தொடங்கியாயிற்று, சாமி வரவில்லை. புலவர் அதே அடியைத் திருப்புகிறார். வில்லில் வீசுகோல் விழும் வேகம் கூடுகிறது, வில்மணி குலுங்குகிறது, குடக்காரர் கை ஏறுகிறது. இன்னும் வரவில்லை. கொடையில் நடக்கும் கணியான் கூத்து என்றால், மகுடம் என்ற தோல்கருவியை அடிக்கும் மகுடக்காரர்கள் சாமியாடியின் முகத்துக்கு நேரே போய் நின்றே அடிப்பார்கள். அப்புறம் சாமியாடியின் கால் பெருவிரல் மெல்ல மண்ணைக் கிளறும். முதலில் பார்த்த பெண் குலவை போடுவாள். அந்த அடியை எத்தனை முறை பாட வேண்டும் என்பது புலவருக்கே தெரியாது. பாட்டு பலித்தாக வேண்டும். பலிக்காவிட்டால் ஊர்க்காரர்கள் மறுவருஷம் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்!

சென்னையில் யாரும் வர வேண்டியதில்லை. கைதட்டு எப்படியும் வந்துவிடும்.

அப்படியானால் சாமியை அழைக்க வேண்டாத கல்சிலைக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். திருச்செந்தூர் சாலையில் இருக்கிற கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் வேலை. சிலையைத் தட்டினால் சத்தம் வருகிறது என்று காட்டுவார்கள், அதை விடுங்கள். இளவரசியைத் தோளில் தூக்கிப் போகும் குறவன் சிலை முன்னால் நில்லுங்கள். விலா எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அவள் கனம் அவன் உடம்பில் தெரிகிறது. அதே கோயிலில் மன்மதனும் இருக்கிறான். நகைநட்டெல்லாம் அத்தனை நுணுக்கம். ஆனால் நான் அவனைச் சட்டென்று கடந்துவிடுவேன். அவன் சும்மா அழகாக நிற்கிறான், அவ்வளவுதான். அவனுக்குச் சுமக்க ஒன்றும் இல்லை. உங்கள் புலவருக்கும் அன்றைக்கு அதுதான் கதி.

வெளியூரில் நடக்காது என்றும் இல்லை. இதே மாதிரி ஒரு சென்னை அரங்கில், புலவர் அவசரத்தில் பேச்சியம்மனைப் பாடாமல் தாண்டிப் போய்விட்டார். நம்ம பக்கத்து ஆச்சி ஒருத்தி எழுந்து, “ஏ புலவரே, எங்க பேச்சிய எங்க விட்டீரு?” என்று சத்தம் போட்டாள். புலவர் கோலை நிறுத்தினார். பின்பாட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பேச்சிக்கு வரத்து பாட ஆரம்பித்தார் பாருங்கள், விழாக்காரர் ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டியும் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.