வரவு இடாப்பை ஒரே தாளில் அடக்க

களுவாஞ்சிக்குடி முன்பள்ளி வரவு இடாப்பில் 12 பிள்ளைகளின் பெயர் கீழ்நோக்கி, 31 நாளும் பக்கவாட்டில். எக்செலில் அச்செடுத்தால் மூன்று தாளாகிறது என்றீர்கள். எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், ரீச்சர்தான் கண்ணைச் சுருக்கி வாசிக்க வேண்டிவரும். நாட்களைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள்.

முழு அட்டவணையையும் தெரிவுசெய்து கொப்பி பண்ணுங்கள். கட் செய்தால் சரிவராது. புதிய ஷீட்டில் ஏ1 கட்டத்தில் ரைட் கிளிக், பேஸ்ட் ஸ்பெஷல், அடியில் டிரான்ஸ்போஸுக்குச் சரி அடையாளம் போட்டு ஓகே.

மொத்த வரவுக்குச் சூத்திரம் இருந்தால் ஒன்றையாவது திறந்து பாருங்கள்: முதல் பிள்ளைக்கு பி2:ஏஎஃப்2 என்றிருந்தது பி2:பி32 ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம், நீளமான பெயர்கள் இடத்தைப் பிடிக்கும். ஹோம் பட்டியில் ஓரியண்டேஷனை அழுத்தி அவற்றை நிமிர்த்திவிட்டால் கட்டங்களை ஒடுக்கிக்கொள்ளலாம்.