வாசகர் கேள்வி பதில்: யூதர் அல்லாதவருக்கும் பங்கு உண்டா?

கேள்வி: யூதர்கள் தங்களைக் கடவுள் தெரிந்தெடுத்த இனம் என்கிறார்கள். அப்படியென்றால் மாமாங்கேஸ்வரரைக் கும்பிடும் என்னைப் போன்றவர்களுக்கு அவர்கள் கணக்கில் மோட்சமே கிடையாதா?
– கல்லடி வாசகி

பதில்: உண்டு. அதற்காக நீங்கள் யூதராக மாற வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்பதில்லை. நீங்களாகப் போய்க் கேட்டாலும், "நன்றாக யோசித்தீர்களா, இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பதுதான் ரபிமாரின், அதாவது யூத மத குருமாரின், பழைய வழக்கம். தெரிந்தெடுக்கப்பட்டதால் அவர்கள் தலையில் ஏறியது சலுகையைவிடச் சுமைதான்: யூதருக்கு 613 கட்டளைகள், மற்ற எல்லோருக்கும் ஏழே ஏழு. பைபிள் கதைப்படி பெருவெள்ளத்துக்குப் பிறகு மிஞ்சிய நோவாவின் பிள்ளைகள்தானே நாம் எல்லோரும், அதனால் அவற்றுக்கு நோவாவின் கட்டளைகள் என்று பெயர். கொலை, களவு, முறைகேடான உறவு, கடவுளைப் பழித்தல், சிலை வணக்கம் கூடாது, உயிரோடு இருக்கும் மிருகத்தின் உறுப்பை வெட்டித் தின்னக் கூடாது, நீதிமன்றம் வைத்து நியாயம் வழங்க வேண்டும். அந்த மிருகக் கட்டளை ஆடுமாட்டைப் பற்றியது, ஆனாலும் வாவி நண்டை உயிரோடு கால் முறித்துச் சட்டியில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மறுமையில் பங்கு யாருக்கு என்பதில் பழைய ரபிகளே சண்டை பிடித்திருக்கிறார்கள். புறஜாதியாருக்கு, அதாவது யூதர் அல்லாதவருக்கு, கிடையவே கிடையாது என்றார் ரபி எலியேசர். அதற்கு அவர் காட்டிய ஆதாரம், துன்மார்க்கரும் கடவுளை மறக்கிற எல்லா ஜாதிகளும் பாதாளத்துக்குப் போவார்கள் என்ற, பைபிளின் சங்கீதப் புத்தகத்து வசனம். ரபி யோசுவா அதே வசனத்தை எடுத்து மடக்கினார்: "எல்லா ஜாதிகளும்" என்பதோடு நிற்காமல் "கடவுளை மறக்கிற" என்றும் சேர்த்திருக்கிறதே, அப்போ மறக்காத நல்லவர்களும் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குப் பங்கு உண்டு. பிறகு நிலைத்தது யோசுவாவின் கட்சிதான்.

சரி, சிலை வணக்கம் கூடாது என்று ஒரு கட்டளை இருக்கிறதே, கோயிலுக்குப் போகிற நான் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மழுப்ப மாட்டேன், கண்டிப்பான ரபி ஒருவரிடம் போனால் உங்களுக்குச் சாதகமான பதில் வராது. ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. மறைபொருளான ஒரே கடவுளை ஏற்றுக்கொண்டு கூடவே வேறொன்றையும் வணங்குவது யூதருக்குத்தான் தடை, மற்றவருக்கு இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. தென் பிரான்சில் வாழ்ந்த ரபி மெய்ரி, ஒழுங்கோடும் சமயக் கட்டுப்பாட்டோடும் வாழ்கிற மக்களைப் பழங்காலச் சிலை வணக்கக்காரரோடு சேர்க்கவே கூடாது என்றார். 2008இல் ஜெருசலேமில் யூத, இந்து சமயத் தலைவர்கள் கூடியபோது, இந்துக்கள் வழிபடுவது ஒரே பரம்பொருளைத்தான் என்று கூட்டறிக்கையே வந்தது. எல்லா யூதரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அர்த்தமில்லை, கதவு அடைபடவில்லை என்றுதான் அர்த்தம்.

கேள்வி: முஸ்லிம்களைப் பற்றி யூத அறிஞர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்? அரசியலை விட்டுவிட்டுச் சொல்லவும்.
– காத்தான்குடி வாசகர்

பதில்: யூதப் பேரறிஞர் மைமோனிடிஸ் ஒருவரே போதும். ஸ்பெயினின் கொர்டோபாவில் பிறந்தவர், அங்கே முவஹ்ஹிதூன் என்ற கடும்போக்கு முஸ்லிம் வம்சத்தின் ஆட்சி வந்ததும் குடும்பத்தோடு ஊர் ஊராக அலைந்தவர், கடைசியில் எகிப்தில் அரண்மனை வைத்தியராக இருந்து 1204இல் இறந்தவர். முஸ்லிம்கள்மேல் அவருக்குக் கசப்பு இருக்க எல்லா நியாயமும் உண்டு. ஒபதியா என்று ஒருவர், யூத மார்க்கத்துக்கு மாறியவர், முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் இல்லை என்று தன் ஆசிரியரிடம் சொல்லப்போய் ஏச்சு வாங்கி அவமானப்பட்டார். அவர் மைமோனிடிஸுக்கு எழுதிக் கேட்டார். இவர் எழுதிய பதிலில் சுற்றிவளைப்பே கிடையாது: முஸ்லிம்கள் சிலை வணங்கிகளே அல்லர், இறைவன் ஒருவன் என்பதில் அவர்களிடம் குறையே இல்லை. மாணவனை அவமானப்படுத்திய ஆசிரியருக்கும் நல்ல பேச்சு விழுந்தது.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாமலே ஒழுங்காக நடப்பவனுக்கு அவர்களிடம் என்ன பலன்?
– கல்முனை வாசகர்

பதில்: இங்கே அதே மைமோனிடிஸ்தான் இடைஞ்சல். ஏழு கட்டளைகளையும் மோசே வழியாகக் கடவுள் சொன்னார் என்று ஏற்று நடப்பவனே மறுமைக்குரிய பக்திமான், தன் அறிவுக்குப் பட்டதால் மட்டும் நடப்பவன் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று எழுதிவிட்டார். அப்படிப்பட்டவன் ஞானி என்கிறது ஒரு பிரதி, ஞானியும் இல்லை என்கிறது இன்னொன்று. ஜெர்மனியில் இருந்த யூதத் தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோனுக்கு இது பொறுக்கவில்லை. சூரியன் உதிக்கிற திசையிலிருந்து மறைகிற திசைவரை உள்ள மனிதர் எல்லாம் நரகக்குழிக்கா என்று 1773இல் ரபி யாக்கோபு எம்டனுக்குக் கடிதம் போட்டார். என் மனதும் மெண்டல்சோன் பக்கம்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு, பழைய ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூலிலேயே ஒரு கதை இருக்கிறது. அஸ்கலோன் ஊரில் தாமா பென் நெத்தினா என்ற யூதரல்லாத வியாபாரி. தலைமைக் குருவின் உடைக்கு இரத்தினக்கல் தேடி ஜெருசலேமிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஆறு லட்சம் இலாபம் கிடைக்கும் வியாபாரம். பெட்டிச் சாவி தூங்கிக்கொண்டிருந்த தகப்பனின் தலைமாட்டில். அவரை எழுப்ப மாட்டேன் என்று வியாபாரத்தையே விட்டுவிட்டான். மறு வருடம் அவன் பட்டியில் ஒரு செந்நிறக் கிடாரி பிறந்தது. சடங்குக்கு வேண்டிய அரிய மாடு, அதனால் குருமார் ஓடி வந்தார்கள். எவ்வளவு கேட்டாலும் தருவீர்கள் என்று தெரியும், அப்பாவுக்காக நான் இழந்த தொகை மட்டும் போதும் என்றான். கட்டளை இல்லாமல் செய்தவனுக்கே இவ்வளவு என்றால் கட்டளைக்குப் பணிந்து செய்கிறவனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ரபி ஹனினா இதிலிருந்து கணக்குப் போடுகிறார். அவர் மேலிடம் கொடுப்பது கட்டளைக்குப் பணிகிறவனுக்குத்தான். தாமாவுக்குப் பலன் கிடைத்ததா இல்லையா என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.