பட்டினியால் அல்ல – கடிதம், பதில்

ஐயா,

கருவில் உருவாகும் நரம்பு செல்களில், சில இடங்களில் பாதிக்குப் பாதி பிறப்பதற்கு முன்பே செத்துவிடுகின்றன என்று படித்தேன். வளர்ச்சிக் காரணி என்ற சத்து கிடைக்காமல் பட்டினியால் சாகின்றனவாம். இயற்கை ஏன் இப்படி வீணடிக்கிறது? அந்தச் சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் மறதி நோய் குணமாகுமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சில நாட்களாக இந்தச் சாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

வீண் என்ற பேச்சை விடுங்கள். தேவைக்கு மேல் செல்களை உண்டாக்கி, தசை போன்ற தன் இலக்கை எட்டிப் பிடித்தவற்றை மட்டும் உடல் வைத்துக்கொள்கிறது. உடலின் அளவுக்கேற்ற எண்ணிக்கை அப்படித்தான் அமைகிறது.

இந்தச் சாவைக் கண்டுகொண்டவர் இத்தாலிய நரம்பியல் ஆய்வாளர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. முசோலினியின் 1938 இனச்சட்டம் யூதரான அவரை ஆய்வுக்கூடத்திலிருந்து துரத்தியது. டூரின் நகரில் தன் படுக்கையறையில் கோழிக் கருக்களை வைத்து ஆராய்ந்தார். இறக்கை முளைக்கும் மொட்டை வெட்டினால் நரம்பு செல்கள் குறைவதை விக்டர் ஹாம்பர்கர் என்ற கருவியலாளர் 1934-லேயே எழுதியிருந்தார். செல்கள் உருவாகவே இல்லை என்பது அவர் எண்ணம். ரீட்டா வெவ்வேறு வயதுக் கருக்களைச் சீவி, வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தார். செல்கள் உருவாகின்றன, நார் நீட்டுகின்றன, அதன் பிறகே சாகின்றன.

பட்டினி என்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுதிவைத்ததை அப்படியே ஒப்பிக்கவா படிக்கிறீர்கள்? வளர்தட்டில் இருக்கும் பரிவு நரம்பு செல்களுக்கு (இதயத் துடிப்பு போன்ற தானே நடக்கும் வேலைகளைக் கவனிப்பவை) வளர்ச்சிக் காரணியை நிறுத்தினால் இரண்டு நாளில் பெரும்பாலானவை செத்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்: நார்கள் மணிமணியாகத் துண்டுபடும், செல்லின் உடல் சுருங்கி மங்கும். பசியில் வாடியது போலத்தான் தெரியும். ஆனால் 1988-ல் வெளியான ஒரு சோதனையில், காரணியை நிறுத்தியதோடு, செல் புதுப் புரதம் செய்வதையும் மருந்தால் தடுத்தார்கள். செல்கள் சாகவில்லை! பட்டினி கிடப்பவனின் கையையும் கட்டிப்போட்டால் பிழைத்துக்கொள்வானா? சாவதற்கு அந்தச் செல் உழைக்க வேண்டியிருக்கிறது. புதிதாகப் புரதங்களைச் செய்கிறது, தனக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரை உடைக்கிறது, புரதங்களை வெட்டும் காஸ்பேஸ் நொதிகளை விட்டுத் தன்னையே அறுத்துக்கொள்கிறது. வளர்ச்சிக் காரணி வந்துகொண்டிருக்கும்வரை அந்த ஏற்பாடு அடங்கிக் கிடக்கிறது. இன்னும் கேளுங்கள்: அதே காரணியின் முதிராத வடிவம் செல்லின் மேலிருந்து சேதியை வாங்கும் பி75 என்ற ஏற்பியைப் பற்றினால் சாவைத் தூண்டவும் செய்கிறது. எந்தச் சத்து அப்படிச் செய்யும்?

மாத்திரை பலிக்காது. அது புரதம், வயிற்றிலேயே செரித்துவிடும். சுவீடனில் அல்சைமர் நோயாளிகள் மூவருக்கு மூளையின் உள்ளறைக்கே செலுத்திப் பார்த்தார்கள். முதுகுவலி வந்தது, எடை குறைந்தது. வலி நரம்புகளையும் தூண்டிவிடும் காரணி அது. வீட்டில் யாருக்காவது மறதி வந்துதான் இதைக் கேட்டீர்களோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் விளம்பரங்களை நம்பி எதையும் வாங்காதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்த 1988 சோதனையைத் தேடிப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.