பஸ்ஸில் வந்த வரி வீட்டுக்கு வருவதற்குள் எங்கே போகிறது?

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ். சிறுகதை எழுத ஆசை. சூளகிரி தாண்டும்போது நல்ல நல்ல வரிகளாக வரும். வீடு திரும்பி, சமைத்து, பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒன்றும் ஓடாது. போனில் 200 குறிப்பு கிடக்கிறது, நான்கு நோட்டு பாதியில் நிற்கிறது. ஒரு கதைகூட முடியவில்லை. எனக்குக் கற்பனை வற்றிவிட்டதா?
*– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி*

பதில்: வற்றவில்லை அம்மா. 200 குறிப்பு எழுதியவருக்கு ஊற்று நன்றாகவே இருக்கிறது. நம் பக்கம் ராகியை நாற்று விட்டு, பிடுங்கி, வயலில் நடுவார்கள். நீங்கள் நாற்று விட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், நடவுதான் நடக்கவில்லை. அது வேறு வேலை, வேறு நாள்.

பஸ்ஸில் யோசனை வருவது உங்களுக்கு மட்டுமல்ல. பிரான்ஸின் கணித மேதை புவான்காரேவுக்கு, பல நாளாக அவிழாத கணக்கின் முடிச்சு, வெளியூரில் ஒரு குதிரை வண்டிப் பேருந்தின் படியில் கால் வைத்த நொடியில் அவிழ்ந்தது. 1908-ல் அவரே இதைச் சொன்னார். அதற்கு முன்னால் நாள்கணக்கில் மேசையில் முட்டி மோதியிருந்தார், ஊர் திரும்பியதும் உட்கார்ந்து சரிபார்த்தார். உங்களுக்கும் அந்த முன்னும் பின்னும்தான் வேண்டும்.

நான் ஓவிய ஆசிரியையாக இருந்த காலத்தில் கையில் கிடைத்ததில் எல்லாம் வரைவேன். பஸ் டிக்கெட், பழைய வினாத்தாள், மளிகைச் சீட்டு. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அத்தனையும் குப்பையோடு போயிற்று. இரண்டு நாள் அழுதேன். அப்புறம் கோடு போடாத நீளமான நோட்டு ஒன்று வாங்கி, அரிசி டப்பாவுக்கு மேலே ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எதில் கிறுக்கினாலும் ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறிவிட வேண்டும். ஏற்றும்போதே பாதி உதிர்ந்துவிடும், மிச்சம் இருப்பதுதான் சரக்கு.

அந்த நோட்டில் ஒரே நடுகல், அதாவது செத்த வீரன் நினைவாக நட்ட கல், ஐந்து முறை இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் பார்த்து வரைந்தது. முதல் வாரம் வீரன், வில், அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. மூன்றாம் முறை போனபோதுதான் அவன் காலருகே செதுக்கியிருந்த கெண்டியையும் (மூக்கு வைத்த சிறு செம்பு) சிமிழையும் கவனித்தேன். செத்தவனுக்குப் போகும் வழியில் குடிக்க ஏதோ வைத்த மாதிரி. விரல் நகத்தளவு தேய்ந்த அந்த மூக்கு கெண்டியுடையது என்று கண்டுகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. வாரம் ஒரு புதுக் கல் என்று தாவியிருந்தால் கிடைத்திருக்காது. ஆகவே 200-ல் ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றவை காத்திருக்கட்டும், கோபித்துக்கொள்ளாது.

உங்களுக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும் என்றால், காலை 5 மணிக்கு எழுதுகிறேன் என்ற தீர்மானம் பத்து நாள் தாங்காது. மணியோடு கட்டாதீர்கள். எந்த ஷிப்டிலும் மாறாத ஒரு வேலையோடு கட்டுங்கள். குளித்து முடித்ததும் இருபது நிமிடம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் எழுந்திருக்காதீர்கள், குழம்பு ஒன்றும் தீயாது. இன்னொன்று, எழுந்திருக்கும்போது வாக்கியத்தை முடிக்காமல் பாதியில் விடுங்கள். மறுநாள் அந்த மீதிப் பாதியே உங்களை இழுத்து உட்கார வைக்கும். எனக்கு இதுவரை இது பொய்த்ததில்லை.

பஸ்ஸில் முழு வரி எழுத வேண்டாம், குலுங்கும். மூன்று சொல் போதும்.

கேள்வி: பாலக்கோட்டில் பிளவுஸ் தைக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் போனில் படம் காட்டி ‘இதே மாதிரி’ என்கிறார்கள். என் கைக்கென்று ஒரு டிசைன் எப்போது வரும்?
*– ஒரு வாசகி, பாலக்கோடு*

பதில்: நடுகல் செதுக்கியவரிடமும் எல்லோரும் கேட்டது ஒரே மாதிரிதான் தங்கச்சி: வீரன், ஆயுதம், காலடியில் கெண்டி. ஆனாலும் ஒருவர் கொண்டையைச் சாய்த்திருப்பார், இன்னொருவர் காலை மடக்கியிருப்பார். கேட்டதற்குள்ளேயே கொஞ்சம் இடம் இருக்கும். முதுகுக் கயிற்றின் குஞ்சம், கை ஓரத்துப் பைப்பிங், இப்படி அவர்கள் படத்தில் கவனிக்காத மூலைகள்.

வெட்டுத்துணியைத் தலையணைக்கு அடைத்துவிடாதீர்கள். வாரம் ஒரு சாண் துணியில் உங்கள் மனசுப்படி ஒரு கழுத்து மட்டும் தைத்து, தேதி எழுதி, கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அளவு கொடுக்க நிற்கிறவர்கள் கண் அங்கேதான் போகும். யாராவது ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து ‘இது என்ன மாடல்?’ என்று கேட்பார். அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.