மெல்லப் பாடியே 45 ஆண்டுகள்

வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக, அதாவது இலை தேயிலைத்தூள் ஆகும் வேலையை மேற்பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக இசைத்தட்டுகள் சேர்த்து வருகிறார்.)

கேள்வி: எனக்கு வயது 20. கிட்டார் வாசித்து நானே பாட்டு எழுதிப் பாடுகிறேன். ஆனால் குரல் சின்னது. பாட்டுக் குழுவில் சேரப் போனால், “சத்தம் போதாது” என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியப்பாவின் கேசட் பெட்டியில் மைக்கேல் ஃபிராங்க்ஸ் என்று ஒருவர் பாடிய கேசட் கிடைத்தது. அவர் குரலும் என் குரல் போலவே மெலிதாக இருக்கிறது. யார் ஐயா அவர்? என் குரலைப் பெரிதாக்க ஏதாவது பயிற்சி உண்டா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. அந்தக் குரலை அடித்து நீட்டாதீர்கள்.

ஃபிராங்க்ஸை நான் கேட்டது 1986-ல். எங்கள் எஸ்டேட்டின் பெரிய துரை (மேலாளர்) மாற்றலாகிப் போனபோது பதினொரு இசைத்தட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்றின் பெயர் ‘தி ஆர்ட் ஆஃப் டீ’. தேயிலைக்காரன் கையில் தேநீர்க் கலை என்று ஒரு தட்டு கிடைத்தால் எடுத்துப் போட்டுப் பார்க்காமல் இருப்பானா? அப்போது எனக்கு இராத்திரி ஷிஃப்ட். இலை வாட்டும் தொட்டிகளின் மின்விசிறி இரைச்சலில் விடிய விடிய நின்றுவிட்டு, காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதைப் போட்டேன். ஒருவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிற மாதிரி பாட்டு வந்தது. காதுக்குள் இருந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அன்றைக்கு இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் தூங்கினேன்.

ஃபிராங்க்ஸ் அமெரிக்கர், பாட்டு எழுதிப் பாடுபவர். பிறந்தது 1944-ல், கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில். 14 வயதில் 29 டாலர் 95 சென்ட்டுக்கு ஒரு ஜப்பான் கிட்டார் வாங்கினார். கிட்டாரோடு ஆறு பாடங்கள் இலவசம். முறையாக இசை படித்தது அவ்வளவுதான். கல்லூரியில் படித்தது இலக்கியம். அவர் பாட்டு வரிகளில் சொல் விளையாட்டு அவ்வளவு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் மூத்தவர்களான சோனி டெர்ரி, பிரவுனி மெக்கீ இருவருக்கும் பாட்டு எழுதிக் கொடுத்து, அவர்களோடு மேடைகளுக்கும் போனார். 1973-ல் சொந்தப் பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. அது பெரிதாக எடுபடவில்லை.

1976-ல் வந்ததுதான் ‘தி ஆர்ட் ஆஃப் டீ’. தயாரிப்பாளர் டாமி லிபூமா, ஒலிப்பதிவு அல் ஷ்மிட். க்ரூசேடர்ஸ் என்ற ஜாஸ் குழுவின் ஆட்கள் வாசித்தார்கள்: எலக்ட்ரிக் பியானோவில் ஜோ சாம்பிள், கிட்டாரில் லாரி கார்ல்டன், பேஸ் கிட்டாரில் வில்டன் ஃபெல்டர். சாக்ஸபோனுக்கு டேவிட் சான்பார்னும் மைக்கேல் ப்ரெக்கரும். இவர்கள் ஒவ்வொருவரும் தனியாக ஒரு அரங்கத்தையே அதிரவைக்கக் கூடியவர்கள். ஆனால் இந்தத் தட்டில் கவனித்துக் கேளுங்கள். ஃபிராங்க்ஸ் வரியைப் பாடும்போது கார்ல்டனின் கிட்டார் காத்திருக்கும். வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில்தான் இரண்டு சுரம் வைக்கும், உடனே ஒதுங்கிவிடும். குரல் சின்னது என்று தெரிந்துகொண்டு, அதைச் சுற்றி இடம் விட்டுக் கட்டிய வீடு அது. நல்ல பக்கவாத்தியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இப்படிப் பாட முடிந்ததே மைக்கினால்தான். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன்னால், பாடகர் ஒரு புனலுக்குள் கத்த வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு மெதுவாகப் பாடினாலும் பதிந்தது. பிரேசிலில் ஜோவா கில்பெர்ட்டோ 1950-களின் கடைசியில் முணுமுணுப்பதுபோலப் பாடி போஸா நோவா என்ற பாணியையே நிலைநிறுத்தினார். ஃபிராங்க்ஸ் அந்த வழியில் வந்தவர். நம் ஊரிலும் இல்லையா? டி.எம். சௌந்தரராஜன் சிங்கம் மாதிரி பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாசும் தாலாட்டுகிற மாதிரி பாடி நின்றார்கள். அவர்களை யாரும் சத்தம் போதாது என்று வீட்டுக்கு அனுப்பவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நில்லுங்கள். நேராகப் பாடாமல் சற்றே பக்கவாட்டில் பாடினால் மூச்சுக்காற்று ‘புப்’ என்று அடிக்காது. மேடையில் பயன்படுத்தும் சாதாரண மைக்குக்குக் கிட்டே போகப் போகக் குரலில் அடித்தொனி கூடும். மெலிந்த குரலுக்கு அது சதை வைத்த மாதிரி. பதிவு செய்யும்போது ஜன்னலுக்குக் கம்பளி கட்டுங்கள், கோத்தகிரிக் காற்று சும்மா விடாது. கூட ஒரு கிட்டார், ஒரு பேஸ் போதும், டிரம்ஸ் இப்போதைக்கு வேண்டாம். குழுவில் பத்துப் பேரோடு பாடுவது வேறு வேலை. அதற்கு உங்களை எடுக்கவில்லை என்பதை வைத்து உங்கள் பாட்டை எடை போடாதீர்கள்.

கேள்வி: ஃபிராங்க்ஸ் பாடுவது ஜாஸா, பாப் இசையா? என் நண்பர் அதை ‘ஸ்மூத் ஜாஸ்’ என்று சொல்லி, ஓட்டல் வரவேற்பறையில் ஓடும் இசை என்கிறார்.
– வாசகர், உதகை

பதில்: ஸ்மூத் ஜாஸ் என்பது வானொலி நிலையங்கள் பிற்பாடு ஒட்டிய சீட்டு. 1977-ல் அவருடைய ‘ஸ்லீப்பிங் ஜிப்ஸி’ வந்தபோது அந்தப் பெயரில் யாரும் கேட்கவில்லை. அதில் ஒரு பகுதி பிரேசிலிலேயே பதிவானது. தந்திவாத்தியங்களுக்கு இசை எழுதியவர் கிளாஸ் ஓகர்மன். போஸா நோவாவின் பெரிய இசையமைப்பாளர் ஆன்டோனியோ கார்லோஸ் ஜோபிமின் தட்டுகளுக்கு எழுதிய அதே ஓகர்மன்தான். அந்த ஜோபிமுக்குக் காணிக்கையாக ‘ஆன்டோனியோஸ் சாங்’ என்ற பாட்டும் அதில் இருக்கிறது. ஜோபிம் 1994 டிசம்பரில் இறந்தார். மறு ஆண்டு ‘அபாண்டன்ட் கார்டன்’ என்று ஒரு முழு ஆல்பத்தையே ஃபிராங்க்ஸ் அவருக்குக் காணிக்கையாக்கினார். பதினெட்டு வருடம் கழித்தும் ஒருவர் தன் குருவை இப்படி நினைக்கிறார் என்றால், அதை வரவேற்பறை இசை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் நண்பரை வரிகளைக் கவனித்து ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது அவர் ருசி.

1980-களின் சில ஆல்பங்களில் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். எனக்கும் அவை அவ்வளவு ஒட்டவில்லை.

கேள்வி: ஃபிராங்க்ஸின் புகழ்பெற்ற பாட்டே அமெரிக்கப் பட்டியலில் 43-ஆம் இடம்தான் போனதாமே?
– வாசகர், கூடலூர்

பதில்: ஆமாம். 1976-ன் ‘தி ஆர்ட் ஆஃப் டீ’யில் உள்ள ‘பாப்சிக்கிள் டோஸ்’, ஐஸ் குச்சி போலச் சில்லிட்ட கால்விரல்கள். ஜனவரியில் உதகையில் ஒரு இரவு தங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பில்போர்ட் என்ற அந்தப் பட்டியலில் 43 வரைதான் போனது. ஆனால் 1999-ல் ஜாஸ் பாடகி டயானா க்ரால் அதையே பாடினார், தயாரித்தவர் அதே டாமி லிபூமா. 23 வருடம் கழித்து ஒரு தயாரிப்பாளர் அதே பாட்டை இன்னொரு நல்ல குரலுக்கு எடுத்துக் கொடுக்கிறார். எனக்கு அந்தக் கணக்குதான் பெரிது.

கேள்வி: இந்த ஐப்பசி மழையில் அப்பாவின் இசைத்தட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டன. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: பெரும்பாலும் முடியும். காய்ந்த துணியால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், தட்டில் ஊசி ஓடும் வரிகளுக்குள் பூஞ்சை இறங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு மிதமான சோப்புத் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் வரிகள் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒரு தடவை அலசி, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் வளைந்துவிடும். பழைய உள்ளுறையில் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சை அதில்தான் குடியிருக்கிறது. அப்புறம் முக்கியமாக, அப்பாவின் பெட்டியில் கனமான, எளிதில் உடையும் 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவற்றின் மேல் ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். தட்டுகளை அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஃபிராங்க்ஸை எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: ‘தி ஆர்ட் ஆஃப் டீ’, பிறகு ‘ஸ்லீப்பிங் ஜிப்ஸி’. 1976 முதல் 1980 வரை ஆண்டுக்கு ஒரு ஆல்பம் கொடுத்தவர், பிற்காலத்தில் நிதானமாகிவிட்டார். 2011-க்குப் பிறகு அடுத்தது 2018-ல்தான் வந்தது, ‘தி மியூசிக் இன் மை ஹெட்’. 73 வயதில் பாடியது. ‘தி ஆர்ட் ஆஃப் டீ’யைக் கேட்ட கையோடு இதைப் போடுங்கள். குரல் கொஞ்சம் உலர்ந்திருக்கும். ஆனால் அதே எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.