பிளாஸ்மா கொடுத்த சிலிகானில் ஒரு வாரம் கழித்து செல்கள் ஏன் ஒட்டுவதில்லை?

கேள்வி: பி.டி.எம்.எஸ். என்ற ரப்பர் போன்ற சிலிகான் தகடுகளுக்கு ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்னேறிய வாயு; இரத்தப் பிளாஸ்மா அல்ல) கொடுத்து செல் வளர்க்கிறேன். அன்றே செல்களைத் தகட்டில் இட்டால் (விதைத்தால்) நன்றாக ஒட்டுகின்றன. ஒரு வாரம் டப்பாவில் வைத்திருந்த தகட்டிலோ உருண்டு மிதக்கின்றன. பிளாஸ்மா நேரத்தைக் கூட்டலாமா?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: கூட்டாதீர்கள், நிலைமை மோசமாகும்.

குறைந்த அழுத்தத்திலுள்ள ஆக்சிஜனில் மின்னிறக்கம் நடக்கும்போது உண்டாகும் அயனிகளும் ஆக்சிஜன் அணுக்களும் சிலிகானின் மெத்தில் தொகுதிகளைப் பிய்த்துவிட்டு ஹைட்ராக்சில் தொகுதிகளை உண்டாக்குகின்றன. நீரை ஒட்டவிடாத பரப்பு, நீரை ஈர்க்கும் பரப்பாகிறது. ஆனால் மாறுவது மேல்தோல் மட்டுமே.

பி.டி.எம்.எஸ்.ஸின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே பொருள் கண்ணாடிபோல் விறைத்துவிடும் வெப்பநிலை, சுமார் மைனஸ் 125 டிகிரி செல்சியஸ். அதனால் அறை வெப்பத்தில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஓயாமல் புரள்கின்றன. இறுகாமல் உள்ளே தங்கிய சிறு மூலக்கூறுகள் மேலே கசிந்து, நீங்கள் உண்டாக்கிய பரப்பை மூடிவிடுகின்றன. பாலிஸ்டைரீனுக்கு அந்த வெப்பநிலை ஏறத்தாழ 100 டிகிரி. அந்தப் பிளாஸ்டிக்கால் ஆன, கடையில் வாங்கும் வளர்ப்புத் தட்டுகள் நெடுநாள் தாங்குவதற்கு அது முக்கியக் காரணம். நேரத்தைக் கூட்டினால் சிலிகான் மேல் கண்ணாடிபோன்ற நொறுங்கும் படலம் உருவாகி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். கசிவுக்கு அதுவே வழி.

முதலில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்), பிறகு பிளாஸ்மா. இந்த வரிசையை மாற்றினால் சூடு பழைய நிலையைச் சீக்கிரம் கொண்டுவரும். பிளாஸ்மா முடிந்த கையோடு ஃபைப்ரோனெக்டின் அல்லது கொலாஜன் என்ற புரதக் கரைசலை ஊற்றிவிடுங்கள். செல்கள் பற்றுவது பெரும்பாலும் பரப்பில் படிந்த புரதத்தைத்தான். தாமதம் தவிர்க்க முடியாதென்றால் தகட்டைக் கிருமி நீக்கிய நீரில் மூழ்க வையுங்கள். காற்றில் வைக்க வேண்டாம்.

விதைக்குமுன் ஒரு தகட்டில் 3 மைக்ரோலிட்டர் நீர் விட்டு, பக்கவாட்டிலிருந்து படமெடுங்கள். பிளாஸ்மா படாத சிலிகானில் துளி பரப்போடு 105 முதல் 110 டிகிரி கோணத்தில் உருண்டு நிற்கும்; புதிதாகப் பிளாஸ்மா பட்டதில் படர்ந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறிப்பேட்டில் பிளாஸ்மாவின் மின்திறனும் (வாட்) கொடுத்த நிமிடங்களும் மட்டும் போதாது. பிளாஸ்மாவுக்கும் விதைப்புக்கும் இடையே எத்தனை மணி நேரம் போனது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான எண்.

வாரக்கணக்கில் சேமித்தே ஆக வேண்டுமா? பிளாஸ்மா முடிந்தவுடன் அமினோசிலேன் (பரப்பில் அமின் தொகுதிகளைப் பதிக்கும் சிலிக்கான் சேர்மம்) பூசி, குளூட்டரால்டிஹைடு என்ற இணைப்பு வேதிப்பொருள் வழியே புரதத்தை வேதிப்பிணைப்பால் கட்டுங்கள். மிச்சமிருக்கும் குளூட்டரால்டிஹைடு செல்களைக் கொல்லும் என்பதால் பலமுறை கழுவி, ஒரு தகட்டில் மட்டும் முதலில் விதைத்துப் பாருங்கள்.